ஏவன்டேலில் ஒரு கழுநீர்ப் பானை

சென்ற கோடையில் கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருந்தார். வந்த மறுநாள் காலை, சமையல் மேடையில் குழாயை ஒட்டி நான் வைத்திருக்கும் சிறிய டப்பாவைத் திறந்து பார்த்தார். உள்ளே வாழைப்பழத் தோல், கறிவேப்பிலைக் காம்பு, டீத்தூள், முதல் நாள் மீந்துபோன ஒரு பிடி சாதம். "இதெல்லாம் எதுக்குப்பா சேர்த்து வெச்சிருக்கே?" என்றார். வாரத்துக்கு ஒருமுறை லாரி வந்து எடுத்துப் போகும், அதிலிருந்து எரிவாயு தயாரிக்கிறார்கள் என்றேன். அம்மா ஆச்சரியப்படவில்லை. "கழனிப் பானைன்னு சொல்லு" என்று மூடியை மூடிவிட்டுக் காபி போடப் போனார்.

இரண்டு ஆண்டுகளாக நண்பர்களுக்கு நான் நீட்டி முழக்கிச் சொல்லிவந்ததை அம்மா ஒரு சொல்லில் முடித்துவிட்டார். கழனிப் பானை என்னும் கழுநீர்ப் பானையைப் பார்த்திராத தலைமுறை வந்துவிட்டதால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல், பழத்தின் சக்கை, மீந்த சோறு எல்லாம் கொல்லைப்புறத்தில் இருக்கும் ஒரு பானையில் சேரும். மாடு உள்ள வீட்டில் அது நேராகத் தொழுவத்துக்குப் போகும். மாடு இல்லாத வீட்டுக்குப் பால்காரம்மா சாயங்காலம் குடத்தோடு வருவார். அந்தப் பானைக்குக் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. முடி, ஊசி, நூல், உடைந்த வளையல் எதுவும் அதில் விழக் கூடாது. விழுந்தால் மாட்டின் வயிற்றுக்குள் போகும். எங்கள் வீட்டில் ஒருமுறை பானைக்குள் பிளேடுத் துண்டு கிடந்ததற்குப் பாட்டி அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை.

கலக்காமல் வைத்தால் எதுவும் குப்பை இல்லை, கலந்துவிட்டால் எல்லாமே குப்பை. அந்தப் பானைக்கு இது தெரிந்திருந்தது. தூய ஆற்றலைப் பற்றிப் பேசும்போது சூரியத் தகடு, காற்றாலை, ஹைட்ரஜன் என்று கண்ணைப் பறிக்கும் கருவிகளிலேயே நம் பேச்சு நின்றுவிடுகிறது. அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் வீட்டுக்குள்ளேயே தினமும் உற்பத்தியாகும் எரிபொருள் ஒன்று இருக்கிறது. அது எரிபொருளாவதும் விஷமாவதும் சமையலறையில் நம் கை செய்யும் ஒரு நொடி வேலையைப் பொறுத்தது. அந்த நொடியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் வசிக்கும் ஏவன்டேல், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில் மேற்கே ஃபாவ் ஆற்றை ஒட்டிய பகுதி. 1882 வரை இந்த ஊரின் பெயரும் ஃபாவ்தான். ஃபாவ் என்பது தக்கை போல எடையற்ற ஒரு மரம். மாவோரிகள் அதை மீன் வலைக்கு மிதவையாகக் கட்டினார்கள். ஊரின் ரோஸ்பேங்க் நிலமுனை ஒரு காலத்தில் காய்கறித் தோட்டங்களாக இருந்தது, இன்று தொழிற்பேட்டை. குதிரைப் பந்தயத் திடலில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கூடிவந்த சந்தைதான் இங்கே குடியேறிய பலருக்கும் முதல் ஆறுதல். சேப்பங்கிழங்கு, மரவள்ளி, கொத்தமல்லிக் கட்டு, கீரை என்று ஒரே வரிசையில் பசிபிக் தீவுகளும் ஆசியாவும் கடை விரித்திருக்கும். நான் முதன்முதலாக அங்கே போனபோது, சந்தை கலையும் நேரத்தில் தரையில் சிதறிக் கிடந்த முட்டைக்கோஸ் இலைகளைப் பார்த்ததும் கோயம்பேடு ஞாபகம் வந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

2023 ஜனவரி 27 அன்று ஆக்லாந்தில் கொட்டிய மழையை இந்த ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். மேற்குப் பகுதிகளில் ஓடைகள் வீட்டுக்குள் புகுந்தன. அடுத்த வாரம் முழுவதும் தெருவோரப் புல்வெளிகளில் கம்பளம், மெத்தை, ஃபிரிட்ஜ், அரிசி மூட்டை, குழந்தையின் புத்தகப் பை, மரச்சாமான் என்று எல்லாம் ஒரே குவியலாகச் சேற்றோடு கிடந்தன. ஒவ்வொன்றும் தனியாக இருந்தபோது ஒரு பொருளாக, ஒரு விலையாக, ஒரு நினைவாக இருந்தவை. கலந்த பிறகு அவற்றைப் பிரிக்க யாராலும் முடியவில்லை, குப்பை நிலத்தில் கொட்டத்தான் முடிந்தது. சாதாரண நாட்களில் நம் குப்பைத் தொட்டிக்குள் நடப்பதும் அந்த வெள்ளத்தின் சிறு வடிவம்தான் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

அந்த ஆண்டு ஏப்ரலில்தான் உணவுக் கழிவுத் தொட்டிகளை நகரமெங்கும் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் 2018 முதல் பாப்பகூரா பகுதியில் மட்டும் இருந்த திட்டம் அது. சமையலறைக்கு ஒரு சிறிய டப்பா, வாசலில் வைக்க 23 லிட்டர் தொட்டி. ஆக்லாந்து வீடுகள் குப்பை நிலத்துக்கு அனுப்பும் எடையில் 45 சதவீதம் உணவுக் கழிவு என்பது நகர கவுன்சிலின் கணக்கு. ஏறத்தாழப் பாதி. இறைச்சித் துண்டு, மீன் முள், எலும்பு வரை அந்தத் தொட்டியில் போடலாம். வீட்டுத் தோட்டத்து உரக்குழியில் இவற்றைப் போட்டால் எலி வரும். அதனால் உரக்குழி உள்ளவர்களுக்கும் இந்தத் தொட்டி பயன்படுகிறது.

இனி அந்த வாழைப்பழத் தோலின் பயணம். ஏவன்டேலில் எடுத்தது நகரத்தின் தெற்கே ஒன்றுசேர்க்கப்பட்டு, ஏறத்தாழ 250 கிலோமீட்டர் பயணம் செய்து ரோட்டோருவாவுக்கும் டௌபோவுக்கும் இடையிலுள்ள ரெபோரோவா என்ற சிற்றூருக்குப் போகிறது. பூமிக்கு அடியிலிருந்து நீராவி கிளம்பும் வட்டாரம் அது. கொஞ்ச தூரத்தில்தான் 1958இல் தொடங்கிய வைராகெய் புவிவெப்ப மின்நிலையம் இருக்கிறது. அந்த ரெபோரோவாவில் 2022 அக்டோபரில் ஈகோகேஸ் நிறுவனத்தின் நிலையம் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 75,000 டன் உணவுக் கழிவைக் கையாளும் திறன் கொண்டது. நியூசிலாந்தில் இந்த அளவில் இதுவே முதல்.

உள்ளே நடப்பது நம் ஊர்ச் சாண எரிவாயுக் கலனில் நடப்பதேதான். கழிவைக் கூழாக்கிக் காற்றுப் புகாத பெரிய கலனில் இளஞ்சூட்டில் வைக்கிறார்கள். ஒரு வகை நுண்ணுயிர்கள் மாவுச்சத்தையும் கொழுப்பையும் உடைத்து அமிலமாக்கும். இன்னொரு வகை அந்த அமிலத்தைத் தின்று மீத்தேனை வெளிவிடும். வெளிவரும் வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன், மிச்சம் பெரும்பாலும் கரியமில வாயு. ரெபோரோவாவில் என்னை மிகவும் கவர்ந்தது, அவர்கள் எதையும் மிச்சம் விடாததுதான். பக்கத்திலேயே டி அண்ட் ஜி நிறுவனத்தின் தக்காளிக் கண்ணாடிக் கூடங்கள் இருக்கின்றன. நிலையத்தின் வெப்பமும் கரியமில வாயுவும் அந்தச் செடிகளுக்குப் போகின்றன. கலனில் எஞ்சும் குழம்பு, சுற்றியுள்ள வயல்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் உரமாகிறது. 2024 முதல், சுத்திகரிக்கப்பட்ட மீத்தேன் நாட்டின் எரிவாயுக் குழாயிலேயே சேர்க்கப்படுகிறது. தாரனாகியின் பழைய எரிவாயு வயல்கள் வற்றிக்கொண்டிருக்கும் காலத்தில் இது சிறிய அளவுதான். ஆனால் நாட்டுக் குழாயில் குப்பையிலிருந்து வந்த வாயு ஓடுவது இங்கே இதுவே முதல்முறை. வற்றிப்போகும் வயலை நிரப்ப முடியாது. வாழைப்பழத் தோலோ அடுத்த வாரமும் வரும்.

இந்தத் திட்டத்துக்கு எதிர்ப்பும் இருக்கிறது. அதில் நியாயம் இருக்கிற இடங்களை மறைக்க விரும்பவில்லை. முதல் கேள்வி, தொட்டியைப் பயன்படுத்தாதவரும் வீட்டு வரியோடு இதற்கும் ஏன் பணம் கட்ட வேண்டும் என்பது. இரண்டாவது, காய்கறித் தோலுக்கு 250 கிலோமீட்டர் டீசல் எரிப்பது என்ன சூழல் அக்கறை என்பது. தெற்கிலிருந்து ஆக்லாந்துக்குச் சரக்கு கொண்டுவந்துவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரிகளில்தான் அனுப்புகிறோம் என்பது கவுன்சிலின் விளக்கம். அது ஓரளவுக்கு என்னைச் சமாதானப்படுத்துகிறது. முழுமையாக அல்ல. பதினேழு லட்சம் பேர் வாழும் நகரத்துக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு நிலையம் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

மூன்றாவது கேள்விதான் கனமானது. ஆக்லாந்தின் வடக்கே ரெட்வேல் குப்பை நிலத்திலும் மீத்தேனைக் குழாய் போட்டு எடுத்து மின்சாரம் தயாரிக்கிறார்களே, பிறகு எதற்குத் தனித் தொட்டி? உணவு மற்றக் குப்பையைப் போலக் காத்திருப்பதில்லை என்பதுதான் இதற்குப் பதில். மரமும் அட்டையும் பல ஆண்டுகள் எடுத்து மட்கும், சோறும் பழமும் நாட்களில் அழுகிவிடும். குப்பை நிலத்தின் அந்தப் பகுதியை நிரப்பி, மண் போட்டு மூடி, குழாய் இறக்கி முடிப்பதற்குள் அவற்றின் வாயுவில் ஒரு பகுதி ஆகாயத்துக்குப் போய்விடும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது மீத்தேன். அது மட்டுமல்ல, குப்பை நிலத்தில் புதைந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் மறுபடி எந்த வயலுக்கும் திரும்பாது. வயலிலிருந்து வந்தது வயலுக்குத் திரும்ப வேண்டும் என்பதை ஒரு டெல்டாக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் தெருவில் உணவுத் தொட்டி வாசலுக்கு வராத வீடுகள் வரும் வீடுகளைவிட அதிகம். வாடகை வீட்டில் அடிக்கடி ஆள் மாறுகிறார்கள். புதிதாக எழும்பும் அடுக்கு வீடுகளில் தொட்டி வைக்க இடமே யோசிக்கப்படவில்லை. நம் தமிழ்க் குடும்பங்களிலும் பலர் வீச்சம் வரும் என்று ஒதுங்குகிறார்கள். வீச்சம் உண்மைதான், அதுவும் பிப்ரவரி வெயிலில். மீன் முள்ளை லாரி வரும் நாள்வரை ஃப்ரீசரில் வைத்திருந்து காலையில் தொட்டிக்கு மாற்றுகிறோம். பக்கத்து வீட்டுச் சமோவாப் பாட்டி சொல்லிக்கொடுத்த வழி இது.

உணவுக்குச் சொன்னதுதான் மற்றத் தொட்டிக்கும். 2024 பிப்ரவரி 1 முதல் நியூசிலாந்து முழுவதற்கும் மறுசுழற்சி விதி ஒன்றாகிவிட்டது. அதுவரை ஊருக்கு ஒரு விதி. இப்போது பிளாஸ்டிக்கில் 1, 2, 5 என்று எண் போட்டவை மட்டும், கண்ணாடிப் பாட்டில்கள், டப்பாக்கள், காகிதம், அட்டை. மூடிகளைக் கழற்றிவிட வேண்டும். பிளாஸ்டிக் படலம் பூசிய பால், பழச்சாறு அட்டைப் பெட்டிகள் கூடாது. ஸ்பிரே டப்பா கூடாது. பட்டியல் சுருங்கிவிட்டதே என்று பலருக்கு வருத்தம். எனக்கு மகிழ்ச்சி. முன்பு, இதுவும் ஏதாவது ஆகும் என்ற நல்ல ஆசையில் நாம் போட்டவை மொத்த லோடையே கெடுத்துக்கொண்டிருந்தன. சாஸ் ஒட்டிய டப்பா ஒன்று சுற்றியுள்ள காகிதத்தை வீணாக்கும். ஒரு சின்ன லித்தியம் பேட்டரி லாரிக்கே தீ வைக்கும். குறைவாக ஏற்று, ஏற்றதை உண்மையாகவே மறுபடி பொருளாக்குவதுதான் நேர்மை.

இந்த இடத்தில் நியூசிலாந்து நம்மிடமிருந்து கற்க வேண்டிய ஒன்று உண்டு. காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் காசு என்ற திட்டத்தை அப்போதைய அரசு பல ஆண்டுகள் ஆலோசித்து, 2023 மார்ச்சில் விலைவாசியைக் காரணம் காட்டித் தள்ளிவைத்தது. நீலகிரியிலோ, சென்னை உயர்நீதிமன்றம் வற்புறுத்தியதால், 2022இல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கித் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. காட்டில் யானைகளின் காலைக் கிழித்த கண்ணாடிச் சில்லுகளுக்காக வந்த வழக்கு அது. பாட்டில்கள் பெருமளவில் கடைக்கே திரும்பின, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் பரவியது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று தெருவில் கூவிய குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். காயலான் கடைக்குப் போகாத வீடு எது? பொருளுக்கு ஒரு விலை வைத்துவிட்டால் அது தெருவில் கிடக்காது.

கோயம்பேட்டுக்கு வருகிறேன். 1996இல் அந்தச் சந்தை திறந்தது. 2005இல், அங்கே சேரும் காய்கறி, பழம், பூக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்க நாளொன்றுக்கு 30 டன் கையாளும் எரிவாயு நிலையம் அமைத்தார்கள். ரெபோரோவாவுக்குப் பதினேழு ஆண்டுகள் முன்பு! தொழில்நுட்பத்தில் நாம் பின்தங்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அந்த நிலையம் நின்று நின்றுதான் ஓடியது, சந்தையின் கழிவோ அதன் திறனைப் போலப் பல மடங்கு. நிலையம் என்பது கலன் மட்டுமல்ல. தினமும் கலப்பில்லாத கழிவு வந்து சேர வேண்டும், கலனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். வாழைத்தாரோடு சணல் கயிறும், பூக்கூடையோடு பாலிதீன் பையும் வந்தால், கூழாக்கும் இயந்திரத்தின் கத்தியில் அவை சுற்றிக்கொள்ளும். நுண்ணுயிருக்கும் ஒரு வயிறு உண்டு. பிளேடுத் துண்டு விழுந்த கழுநீரை மாட்டுக்கு வைக்க முடியாத மாதிரிதான் இதுவும்.

இதை நடைமுறையில் காட்டியவர் வேலூர் சீனிவாசன். குப்பையைக் காலையும் மாலையும் இருவேளை எடுக்க வேண்டும், ஏனென்றால் அழுகத் தொடங்கிவிட்டால் அது யாருக்கும் ஆகாது என்பது அவருடைய அடிப்படை. புதிதாக வந்த காய்கறிக் கழிவு முதலில் மாட்டுக்கும் கோழிக்கும். அவற்றின் சாணம் எரிவாயுவுக்கும் உரத்துக்கும். காய்ந்த பொருட்கள் வகை வகையாகப் பிரிக்கப்பட்டு விற்பனைக்கு. சத்தீஸ்கரின் அம்பிகாபூர் இந்த வழியைப் பின்பற்றியது. அங்கே மகளிர் குழுக்கள் வீடு வீடாகச் சென்று குப்பையை வாங்கிப் பிரிக்கின்றன. நகரின் பழைய குப்பைமேடு பூங்காவாகிவிட்டது. வேலூர்க்காரர் ஒருவர் சொன்னதை ஒரு வடநாட்டுச் சிறு நகரம் செய்து காட்டியிருக்க, சென்னையில் கொடுங்கையூரும் பெருங்குடியும் பல ஆண்டுகள் குப்பை மலையாகவே நின்றன. எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு.

பிரிப்பது வீட்டின் வேலை, வாங்குவது அரசின் வேலை. வீட்டில் நாம் பிரித்துக் கொடுத்ததை லாரியில் ஒன்றாகக் கொட்டினால் அடுத்த வாரம் யாரும் பிரிக்க மாட்டார்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் பிரித்துக் கொடுப்பதை இந்தியா முழுவதும் கட்டாயமாக்கின. ஆனால் நம்பிக்கையைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது. ஏவன்டேலில் நான் தொட்டியைத் தவறாமல் வைப்பதற்குக் காரணம், உணவுக்கென்று தனி லாரி வருவதை என் கண்ணால் பார்க்கிறேன் என்பதே.

வரவு கண்ணுக்குத் தெரிந்தால் ஊர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி ஒரு சான்று. 2006இல் வங்கிக் கடன் வாங்கி, ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே சொந்தமாக வாங்கியது. ஊரின் தேவைக்குப் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றது. அந்தக் காற்றாலையின் கணக்கு ஊர்க் கணக்கு. ஆக்லாந்தில் இப்படிப் பொதுச் சேவைக்குள்ளேயே ஆற்றல் எடுக்கும் வேலை சத்தமில்லாமல் நடக்கிறது. வடகரையின் ரோஸ்டேல் கழிவுநீர் நிலையத்துக் குளத்தில் 2020இல் 2,700 சூரியத் தகடுகளை மிதக்கவிட்டார்கள், நாட்டின் முதல் மிதக்கும் சூரிய நிலையம் அது. மாங்கெரே நிலையத்தில் கழிவுநீரின் கசடிலிருந்து எடுக்கும் வாயு, அந்த நிலையத்தின் மின்தேவையில் கணிசமான பங்கைத் தருகிறது. ஏவன்டேல் வழியாகப் போகும் மின்ரயில், பிரேக் பிடிக்கும்போது தன் வேகத்தை மின்சாரமாக்கிக் கம்பிக்கே திருப்பி அனுப்புகிறது. எங்கோ வீணாகிக்கொண்டிருந்ததை, வீணாகும் இடத்திலேயே நின்று யாரோ கவனித்திருக்கிறார்கள்.

எங்கள் பகுதிக்கு நான் கேட்பது பெரிதல்ல. புதிய அடுக்கு வீடுகளுக்கு அனுமதி கொடுக்கும்போதே உணவுத் தொட்டிக்கும் இடம் கேட்க வேண்டும். சந்தைகளும் உணவகங்களும் வீடுகளைப் போலவே இந்த வலைக்குள் வர வேண்டும். பயன்படுத்தாதவர் விலகிக்கொள்ளலாம் என்ற வாதத்துக்கு நகர மன்றம் இணங்கக் கூடாது. தெருவிளக்கு வேண்டாம் என்று ஒரு வீடு மட்டும் விலக முடியாது, இதுவும் அப்படித்தான். கோயிலிலும் தமிழ்ச் சங்க விழாவிலும் சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் மீந்த சோற்றையும் காகிதத் தட்டையும் பிளாஸ்டிக் டம்ளரையும் ஒரே கறுப்புப் பையில் திணிப்பதை நாம் நிறுத்த வேண்டும். மூன்று தொட்டிகளும் பக்கத்தில் நிற்க இரண்டு இளைஞர்களும் போதும். சென்ற பொங்கலுக்கு எங்கள் வட்டத்தில் இதைச் செய்து பார்த்தோம். முதல் அரை மணி நேரம் எல்லோரும் குழம்பினார்கள். பிறகு குழந்தைகள் பெரியவர்களைத் திருத்தத் தொடங்கிவிட்டார்கள்.

அம்மா ஊர் திரும்பி மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் தொலைபேசியில் வழக்கமான விசாரிப்புகள் முடிந்ததும், தெருவில் குப்பை வண்டி வருவதைப் பற்றிச் சொன்னார். மக்கும் குப்பைக்கு ஒன்று, மக்காததற்கு ஒன்று என்று அங்கேயும் இரண்டு தொட்டி. எதிர்வீட்டில் காய்கறிக் கழிவைப் பாலிதீன் பையில் முடிச்சுப் போட்டு அப்படியே பச்சைத் தொட்டிக்குள் எறிகிறார்களாம். அம்மா போய், "பையை அவுத்துக் கொட்டும்மா, பை தனியா போகட்டும்" என்று சொல்லியிருக்கிறார். வண்டிக்காரப் பெண் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். மறுநாள் காலையில் எங்கள் வாசலுக்கு வந்தவர், "நீங்க சொன்னதுக்கப்புறம் அந்த வீட்ல பிரிச்சுக் குடுத்தாங்கம்மா, எனக்குக் கையால கிழிக்கிற வேலை ஒரு வீட்டுக்குக் கொறஞ்சுது" என்றாராம்.